வீடும் வளவும்: வாசகர் கேள்வி – பதில்

யாழ்ப்பாணம் நல்லூரில் எங்கள் குடும்பத்தின் பழைய நாற்சார் வீட்டை (நடுவில் முற்றம், சுற்றிவர அறைகள்) திருத்தி, சில அறைகளை விருந்தினருக்குத் திறந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். என் கணவரின் பாட்டனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊருக்கு வந்து கட்டிய வீடு அது. அதற்குக் கடிதங்களும் வட்ஸப் செய்திகளும் நிறைய வந்தன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அன்ரி, உடுவிலில் அம்மாவின் சீதன வீடு பூட்டிக் கிடக்கிறது. நாங்கள் ஐந்து பேர். நான் கொழும்பில், மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும். ஹோட்டலாக்கினால் வீடும் நிற்கும், செலவுக்கும் வரும் என்று நினைக்கிறேன். எங்கே தொடங்குவது? — வாசகி, வெள்ளவத்தை

காணி உறுதிப் பத்திரத்தில் தொடங்குங்கள், பிள்ளை. மேசனை அதற்குப் பிறகு கூப்பிடலாம். அம்மாவின் சீதன உறுதி யாரிடம் இருக்கிறது, காணி அளந்த படம் இருக்கிறதா, அம்மா காலமான பிறகு உங்கள் பெயர்களுக்கு ஏதாவது எழுதப்பட்டதா என்று பாருங்கள். எழுதப்படவில்லை என்றால் ஐந்து பேரும் பிரிக்கப்படாத பங்குக்காரர். முன் விறாந்தை மூத்தவருக்கு, குசினிப் பக்கம் கடைசிக்கு என்று யாரும் பேசிக்கொள்ளலாம், ஆனால் சட்டத்தில் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை.

எங்கள் காணிகளைத் தேசவழமை ஆளுகிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707இல் எழுத்தில் கொண்டுவந்த வழமை அது. முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சேர்த்த சொத்து) என்று நாம் இன்றும் பேசுவதெல்லாம் அதன் வழியில்தான். உங்களுக்கு முக்கியமானது முன்வாங்கும் உரிமை. ஒரு பங்காளி தன் பங்கை வெளியாளுக்கு விற்கப் போனால், முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. இது உங்களுக்குப் பாதுகாப்பு. மற்றப் பக்கமும் ஒன்று இருக்கிறது. எந்தப் பங்காளியும் எப்போது வேண்டுமானாலும் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம். நீங்கள் கடன்பட்டு ஓடு மாற்றி முடித்த வருடத்தில் அந்த வழக்கு வந்தால், வீடு ஏலத்துக்குப் போகவும் கூடும்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருப்பவர்கள் இங்கே காணி வாங்குவதற்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. வாரிசாக வருவது வேறு, இரட்டைக் குடியுரிமை இருந்தாலும் வேறு. ஆகவே, "தம்பியின் பங்கை நான் வாங்குகிறேன்" என்று லண்டனிலிருந்து யாராவது சொன்னால், அவருடைய கடவுச்சீட்டை ஒரு சட்டத்தரணிக்குக் காட்டிவிட்டு மேலே பேசுங்கள்.

எங்கள் குடும்பத்துக்குச் சரிவந்த வழி குத்தகை. யாரும் யாருக்கும் விற்கவில்லை. பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து, வீட்டை நடத்துகிற எங்களுக்கு நீண்ட காலக் குத்தகை எழுதித் தந்தார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோர்னித் தத்துவம் அனுப்பினார்கள், அதை இங்கே பதிவு செய்தோம். வைபரில் எல்லோரும் "ஓமோம்" சொன்னது போதாது. நொத்தாரிசு முன்னால் கையெழுத்து விழ வேண்டும்.

ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதிய ஒரு வரி உங்களுக்கும் உதவலாம். ஓர் அறையை எப்போதும் வாடகைக்கு விடுவதில்லை. குடும்பத்தில் யார் வந்தாலும், சொல்லாமல் வந்து நின்றாலும், அந்த அறை அவர்களுக்கு. கையெழுத்துப் போடத் தயங்கிக்கொண்டிருந்த என் மச்சாள் அந்த வரியைப் பார்த்த பிறகுதான் பேனையை எடுத்தார். வீடு தன்னைவிட்டுப் போகிறது என்பதுதான் அவருடைய பயமாக இருந்தது. காசுக் கணக்கை அவர் கேட்கவே இல்லை.

சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவதற்குப் பழைய வீடுகளுக்கென்றே தனிப் பிரிவுகள் இருக்கின்றன. பிரதேச சபை அனுமதியும் வேண்டும். இதெல்லாம் அலைச்சல்தான், ஆனால் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்று உண்டு: கொழும்பில் இருந்துகொண்டு உடுவிலில் ஒரு பழைய வீட்டை நடத்துவது. உங்கள் ஐந்து பேரில் ஒருவராவது, அல்லது நீங்கள் முழுக்க நம்புகிற ஒருவர், அந்த வளவுக்குள் இரவும் பகலும் இருக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் ஹோட்டல் பேச்சை இப்போதைக்கு விட்டுவிட்டு, கூரையை மட்டும் திருத்தி, ஒரு நல்ல குடும்பத்தைக் குடியிருத்துங்கள். பூட்டிய வீடு யாழ்ப்பாணத்தில் சில மாரி கூடத் தாங்காது.

கேள்வி: எங்கள் சண்டிலிப்பாய் வீடு ஒல்லாந்தர் காலத்தது என்று அப்பா சொல்லுவார். தூண்கள் அவ்வளவு பருமன். விளம்பரத்தில் அப்படிப் போடலாமா? — வாசகர், திருகோணமலை

போடுவதற்கு முன் ஏணி வைத்து ஏறி ஓர் ஓட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல், விட்டது 1795இல். தட்டையான மங்களூர் ஓடு செய்கிற முதல் தொழிற்சாலையை பாசல் மிஷன்காரர் மங்களூரில் தொடங்கியது 1865இல். ஓட்டின் அடியில் கம்பனிப் பெயர் பதிந்திருந்தால், உங்கள் கூரை அதற்குப் பிந்தியது. கூரையை மட்டும் பிறகு மாற்றியிருக்கலாம் என்பீர்கள். சரி, மற்ற இடங்களையும் பாருங்கள். வாசலுக்கு மேல் இரும்புக் கேடர் (உத்தரம்) போகிறதா, அதில் இங்கிலாந்துக் கம்பனியின் பெயர் இருக்கிறதா? நிலம் மினுக்கிய சீமெந்தா? சுவரின் உள்ளே சுண்ணாம்புச் சாந்தா, சீமெந்துச் சாந்தா? தூணின் பருமன் மட்டும் ஒன்றையும் சொல்லாது, எங்கள் மேசன்மார் பிரித்தானியர் காலம் முழுக்கப் பருமனாகத்தான் தூண் கட்டினார்கள்.

உண்மையிலேயே மிகப் பழையது என்று தெரிந்தால் கவனம். 1815 மார்ச் 2க்கு முற்பட்ட கட்டடங்கள் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது.

ஆனால் நான் உங்களிடம் கேட்க விரும்புவது வேறு. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் நிற்கிற பெரிய வீடுகளில் பெரும்பகுதி எழுதுவினைஞர்களும், ஆசிரியர்களும், மலாயா பென்ஷன்காரர்களும், சுருட்டு வியாபாரிகளும் கட்டியவை. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி தொடங்கியது. இங்கிலிஷ் படித்த பிள்ளைகள் கடல் கடந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். மாதாமாதம் அனுப்பிய காசில்தான் இந்த விறாந்தைகள் எழும்பின. 1905இல் ரயில் காங்கேசன்துறை வரை முழுதாக ஓடத் தொடங்கியபின் கேடரும் கண்ணாடியும் வந்து இறங்கின. இது எவ்வளவு பெரிய கதை! உங்கள் பாட்டனார் ஏதோ ஒரு ஸ்டேஷனில் விளக்குப் பிடித்து நின்று சேர்த்த காசாக இருக்கலாம். விளம்பரத்தில் அவரை எழுதுங்கள். இல்லாத ஒல்லாந்தரை உள்ளே கொண்டுவந்தால் பாட்டனார்தான் வெளியே போக வேண்டிவரும்.

கேள்வி: சுவரில் உப்புப் பூத்துப் பூச்சு கொட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்று தரம் சீமெந்து பூசிவிட்டோம். மேசன் இன்னும் கொஞ்சம் சீமெந்தைக் கூட்டிப் பூசலாம் என்கிறார். — வாசகர், மானிப்பாய்

தயவுசெய்து வேண்டாம்! கொட்டுவதற்குக் காரணமே அந்தச் சீமெந்துதான்.

பழைய சுவர் சுண்ணாம்புக்கல், இடையில் சுண்ணாம்புச் சாந்து. அதற்கடியில் இன்றைய வீடுகளுக்குப் போடுகிற ஈரத்தடுப்புப் படை எதுவும் இல்லை. நிலத்து ஈரம் சுவரில் மேலே ஏறும், கூடவே உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சுக்கு நுண்துளைகள் இருப்பதால் ஈரம் அதனூடாக வெளியே வந்து காய்ந்துவிடும். சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் சுவர் தன் பாட்டில் உலரும். சீமெந்துப் பூச்சு இறுக்கமானது. ஈரம் அதன் பின்னால் அடைபட்டு, இன்னும் மேலே ஏறும். உப்பு உள்ளே பளிங்காகித் தடித்துப் பூச்சைத் தள்ளும். கொட்டும்போது பூச்சு மட்டும் விழாது, கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு விழும். ஒவ்வொரு தரமும் சீமெந்தைக் கூட்டக் கூட்ட, பிய்கிற கல்லும் கூடும்.

வழி இதுதான். உளியால் மெதுவாகச் சீமெந்தை எடுத்துவிடுங்கள். ட்ரில் வைத்து உடைக்க விடாதீர்கள். சுவரை ஒரு முழுக் கோடைக்கு வெறுமையாக விடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் திரும்ப உள்ளே போகும், உலர்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். பிறகு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பை மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் வைத்திருந்தால் வெண்ணெய் பதத்துக்கு வரும், அப்போது எடுப்பதுதான் நல்லது. எங்கள் மேசன் ஐயா கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்தார். அவருடைய தகப்பன் அப்படித்தான் குழைத்தவராம். மெல்லிய படைகளாகப் பூசி, ஒவ்வொரு படையையும் ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை எடுத்துத்தான் இறுகும், அதற்கு நாள் எடுக்கும். அவசரப்படுகிற மேசனை வைத்து இந்த வேலையைச் செய்ய முடியாது.

மேலே பெயின்ற் அடிக்கும்போதும் பிளாஸ்ரிக் இமல்ஷன் வேண்டாம். அதுவும் சீமெந்து செய்கிற வேலையைத்தான் செய்யும். சுண்ணாம்பு வெள்ளை போதும்.

இன்னொன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியபின் எங்கள் பக்கம் சுண்ணாம்பு வேலை மெல்ல மெல்ல மறைந்தது. தொழிற்சாலை 1990இல் நின்றுபோனது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை மேசன்மார் சுண்ணாம்பைக் கையால் தொடாமலே வளர்ந்துவிட்டார்கள். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த வயதானவர் உங்கள் ஊரில் யாராவது இருந்தால், அவர் பக்கத்தில் இரண்டு இளம் பையன்களை நிறுத்திச் சம்பளம் கொடுங்கள். எங்கள் வீட்டு வேலையில் எனக்கு மிகவும் மனநிறைவு தந்தது அதுதான். அந்தப் பையன்கள் இப்போது தாங்களாகவே வேலை எடுத்துச் செய்கிறார்கள்.

கேள்வி: எல்லா அறைக்கும் ஏசி போடத்தான் வேண்டுமா? — வாசகி, கோப்பாய்

பங்குனி, சித்திரையில் கேட்பார்கள். சில அறைகளுக்குப் போட்டோம். வெளி இயந்திரத்தை முற்றத்தை நோக்கி வைக்காதீர்கள்; அந்தச் சூடும் சத்தமும் வீட்டின் நடுவில் இறங்கும். முற்றத்துக்கு மேல் கண்ணாடி போட்டு மூடச் சொல்லி யார் வந்தாலும் மறுத்துவிடுங்கள். சூடு மேலே போகிற வழி அந்தத் திறப்புத்தான்.

கேள்வி: கூரையின் பனஞ்சலாகைகள் (பனைமரச் சட்டங்கள்) சில உளுத்துவிட்டன. கூரையை முழுக்க இரும்புக் குழாய்க்கு மாற்றச் சொல்கிறார் ஒரு கொந்துராத்துக்காரர். — வாசகர், பருத்தித்துறை

பருத்தித்துறையிலா? கடற்காற்று அந்தக் குழாயை எவ்வளவு காலம் விட்டுவைக்கும்? வைரம் பாய்ந்த பனை, மேலே ஓடு ஒழுகாமலும் கறையான் ஏறாமலும் பார்த்துக்கொண்டால், கட்டியவரையும் அவருடைய பேரப்பிள்ளைகளையும் தாண்டி நிற்கும். ஓடாவி (தச்சர்) ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சலாகையாகச் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். சத்தத்திலேயே தெரியும். பெரும்பாலும் சுவரில் உட்காருகிற நுனிதான் உளுத்திருக்கும், ஏனென்றால் பீலி (கூரைத் தண்ணீர் வடிகால்) அடைத்து மழைத்தண்ணீர் தேங்குவது அங்கேதான். அந்த நுனியை வெட்டி, புது வைரத்தை ஒட்டுச்சேர்த்துப் பூட்டலாம். முழுச் சலாகையும் மாற்ற வேண்டியவை கொஞ்சமாகத்தான் இருக்கும். புதிதாகப் பனை தறிக்க அனுமதி வேண்டும், பிரதேச செயலகத்தில் முதலே கேளுங்கள். அதைவிட, இடிக்கிற வீடுகளிலிருந்து வாங்குவது நல்லது. பழைய மங்களூர் ஓடும் அப்படியே கிடைக்கும். விரல் மூட்டால் தட்டி, கணீரென்று கேட்பதை மட்டும் எடுங்கள்.

கேள்வி: கொக்குவிலில் எங்கள் வீட்டு முன் சுவர் முழுக்க ஷெல் துண்டு பாய்ந்த துளைகள். 1995இல் விட்டுவிட்டு ஓடிய வீடு. இப்போது திருத்துகிறோம். துளைகளை மூடச் சொல்கிறார் அண்ணா. அக்கா, அது எங்கள் வரலாறு, விடு என்கிறா. ஹோட்டலுக்கு வருகிறவர்களும் அதைப் பார்க்க விரும்புவார்கள் என்று ஒருவர் சொன்னார். — வாசகர், ரொறன்ரோ

தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, வலிகாமமே எழுந்து நடந்தது. செம்மணி வழியாக, நாவற்குழிப் பாலத்தில், மழைக்குள், ஒரு நகரம் முழுவதும். நாங்களும் அதில் நடந்தோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் ஓடு இல்லை. நிலைகளும் யன்னல்களும் இல்லை. பாட்டனார் பர்மாத் தேக்கில் செய்வித்த முன்கதவு இல்லை. முற்றத்தில் வேப்பங்கன்றுகள் என் தோளளவு வளர்ந்து நின்றன. கதவை யார் கொண்டுபோனார்கள் என்று நாங்கள் தேடவில்லை. யாரோ எங்கோ சமைப்பதற்கு எரித்திருக்கலாம், அந்தக் காலம் அப்படி.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதலில் மேசன் பார்க்கட்டும். தண்ணீர் உள்ளே போகிற துளை, கல்லை அசைத்துவிட்ட துளை, இவற்றைக் கட்டாயம் சுண்ணாம்பால் அடைக்க வேண்டும். மேலோட்டமானவை மிச்சம் இருக்கும். அவற்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டியவர்கள் அந்த நேரம் அந்த வீட்டில் இருந்தவர்கள். வருகிற விருந்தினர் இல்லை. அந்த வீட்டில் யாரையாவது இழந்திருந்தால், அவர்களுடைய தாய், தகப்பன், சகோதரம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

எங்கள் வீட்டில் மாமி உயிரோடு இருந்தார். முன் விறாந்தைத் துளைகளை அடைக்கச் சொன்னார். "ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு நான் தேத்தண்ணி குடிக்க மாட்டன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. கிணற்றடி மதிலில் இருந்தவற்றை விடச் சம்மதித்தார். இன்றும் அவை அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் பலகை வைக்கவில்லை, விளம்பரப் படங்களிலும் போடவில்லை. விருந்தினர் கண்டு கேட்டால் சொல்வோம், மறைக்க மாட்டோம். ஆனால் எங்களிடம் வேலை செய்கிற பிள்ளைகளை அதற்கு விளக்கம் சொல்ல வைப்பதில்லை. அவர்களில் எத்தனை பேர் வீட்டில் மாலை போட்ட படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வருகிறவர்கள் பார்க்க விரும்புவார்கள் என்று சொன்னவரின் பேச்சை மட்டும் கேட்காதீர்கள். அண்ணாவும் அக்காவும் சொல்வது இரண்டும் நியாயம். அவர்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை ஊருக்குக் கூட்டிவந்து, அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்திப் பேசுங்கள். தொலைபேசியில் முடிக்கிற விஷயம் இல்லை.

கேள்வி: சைவ வீடு. விருந்தினர் யாழ்ப்பாணம் வந்தால் நண்டுக்கறிதானே கேட்பார்கள். என்ன செய்கிறீர்கள்? — வாசகி, இணுவில்

எங்கள் வீட்டுக் குசினிக்குள் மச்சம் (மீன், இறைச்சி) வராது. பின் வளவில் தனி அடுப்படி கட்டினோம், பாத்திரமும் வேறு. நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் அந்த அடுப்பும் எரியாது. அறை பதிகிறவர்களுக்கு இதை முதலே எழுதி அனுப்புகிறோம். இதனால் யாரும் வராமல் விட்டதாக எனக்குத் தெரியவில்லை. காலையில் புட்டும் முருங்கையிலைச் சொதியும், மத்தியானம் கத்தரிக்காய்ப் பாற்கறியும் வாழைப்பூ வறையும் வைத்துப் பாருங்கள். பனங்காய்க் காலத்தில் பணியாரம் சுடுகிற வாசத்துக்கு எல்லோரும் குசினி வாசலில் வந்து நிற்பார்கள்.

சாமியறையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அது அறை எண் பெறக் கூடாது. விளக்கு வைக்கிற நேரம் வைக்க வேண்டும். பார்க்க விரும்புகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்று பார்க்கலாம்.

கேள்வி: என் பாட்டி இப்படியான ஒரு பெரிய வீட்டுக்கு நெல் குற்றவும் வளவு கூட்டவும் போனவர். பின்படலையால் போய்ப் பின்படலையால் வந்தவர். கிணற்றில் அள்ளக் கூடாது. யாராவது அள்ளி ஊற்றும்வரை நிற்க வேண்டும். இன்று அப்படியான வீடுகளின் முன்னால் "பாரம்பரியம்" என்று பலகை தொங்குகிறது. யாருடைய பாரம்பரியம்? — வாசகி, பெயரும் ஊரும் வேண்டாம்

நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மறுக்க மாட்டேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மாமி அதைச் சொல்லியிருக்கிறார். 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலுக்குள் போவதற்கே ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராட வேண்டியிருந்த மண் இது. வீட்டு வாசல்கள் அதைவிட மெதுவாகத்தான் திறந்தன.

சங்கடப்படலை என்கிற கூரை போட்ட வாசலைப் பற்றி எல்லோரும் பெருமையாக எழுதுகிறோம்: வழிப்போக்கருக்கு நிழல், உட்காரத் திண்ணை, குடிக்கத் தண்ணீர். அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதும் அதே படலையின் கதைதான். அதை விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் விருந்தினருக்குச் சொல்வது பொய் சொல்வதற்குச் சமம்.

எங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டும்போது இதைச் சொல்கிறோம். முற்றத்தில் நின்று பாட்டனாரின் மலாயாக் கதையைச் சொல்கிற அதே குரலில், பின்படலையில் நின்று இதையும் சொல்கிறோம். கல் அரிந்தவர், சூளை எரித்தவர், மரம் சீவியவர், கிடுகு பின்னியவர், நெல் குற்றியவர் இல்லாமல் இந்த வீடு இல்லை. சிலருக்குச் சங்கடமாக இருக்கும். குறிப்பாக எங்கள் சொந்தக்காரர்களுக்கு. ஒரு மாமா, விருந்தினருக்கு முன்னால் ஏன் இதையெல்லாம் கிளறுகிறாய் என்று கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

பேச்சோடு நிற்கவும் கூடாது. எங்களிடம் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முன்படலையால் வருகிறார்கள். எல்லோரும் ஒரே கிணற்றில் அள்ளுகிறார்கள், ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். ஊழியர் சேமலாப நிதி எல்லோருக்கும் கட்டுகிறோம். இது பெரிய காரியம் என்று சொல்ல வரவில்லை, செய்யாத இடங்கள் இன்னும் இருப்பதால் எழுதுகிறேன்.

உங்கள் பாட்டி போய் வந்த வீடு இப்போதும் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு நீங்கள் ஒரு நாள் வர வேண்டும். பாட்டியைப் பற்றி எழுதித் தந்தால், பெயர் வேண்டாம் என்றால் பெயர் இல்லாமலே, அடுத்த இதழ்களில் ஒன்றில் அதை முழுதாகப் போட ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்.

கேள்வி: எட்டு அறை, ஒவ்வொன்றுக்கும் குளியலறை, பின்னால் நீச்சல் குளம். எங்கள் வளவுக் கிணறு தாங்குமா? — வாசகர், சுன்னாகம்

குளத்தை விடுங்கள். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறைக்குள் மழைத்தண்ணீர் இறங்கி, கடல்நீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்பதைத்தான் நாம் அள்ளுகிறோம். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு மேலே 1 அடியை இறக்கினால், கீழேயிருந்து உப்புத்தண்ணீர் அதே கணக்கில் ஏறிவரும். துலாவில் அள்ளிய காலத்தில் அந்த ஆபத்து இல்லை, கை சோர்ந்தால் ஆள் நிறுத்திவிடுவார். மோட்டர் நிறுத்தாது. உங்கள் கிணறு உவர்ப்பானால் அயலட்டைக் கிணறும் கூடவே போகும், தோட்டக்காரர்களும் தண்ணீர் இல்லாமல் நிற்பார்கள்.

மலக்குழியில் அதைவிடக் கவனம் வேண்டும். எங்கள் பாறை வெடிப்பும் துவாரமுமாக இருப்பதால், அடி திறந்த குழியில் விழுவது வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். குழி அடி, பக்கம் எல்லாம் கொங்கிறீற் போட்டு ஒழுகாததாக இருக்க வேண்டும், கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். நைற்றேற் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. குளியலறைகளைப் பழைய அறைகளுக்குள் செருகாமல், பின் பத்தியோடு (பின்புறச் சாய்ப்போடு) சேர்த்துப் புதிதாகக் கட்டுங்கள். பழைய சுவருக்கும் நல்லது, குழாய் வேலையும் சுலபம். கூரைத் தண்ணீரைப் பீலி வைத்துத் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். எட்டு அறை என்பதை ஐந்தாக்க முடியுமா என்றும் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: வேலையை எந்த மாதம் தொடங்கலாம்? — பலர்

தைப்பொங்கல் முடிந்து, மழை முழுதாக விட்டபின். முதலில் கூரை. ஐப்பசி மழைக்கு முன் ஓடு மேயப்பட்டிருக்க வேண்டும், அதற்கு முன் சுவரில் கைவைக்க வேண்டாம். அடுத்த வருடம் மாசியில் சீமெந்தைக் கொத்தி எடுத்துவிட்டால், சோழகம் முழுக்கச் சுவர் காயும். சுண்ணாம்புப் பூச்சு ஆவணி, புரட்டாதியில். சுண்ணாம்பை நீற்றுவதற்குத் தொட்டியைத் தையிலேயே கட்டிவிடுங்கள், காணிக்குள் நிழலான ஒரு மூலையில், பிள்ளைகள் தவறி விழாதபடி மூடி போட்டு.